ஜிம் கார்பெட்டும் அவருடைய சின்ன ரைபிளும்

பாலிடெக்னிக் ஆண்டு மலரில் புலி வேட்டைக்காரருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது நண்பர்களே! ஜிம் கார்பெட்டின் புத்தகங்களைப் படிக்கிறவர்கள் புலியைப் பார்க்கிறார்கள், காட்டைப் பார்க்கிறார்கள். மெக்கானிக்கல் படிக்கிற எனக்கோ அவர் கையிலிருந்த ரைபிள்தான் முதலில் கண்ணில் பட்டது. ஒரு மனிதர் ஒரு கருவியை எப்படித் தேர்ந்தெடுத்தார், அதை எப்படி மதிப்பிட்டார், அந்த மதிப்பீடு ஒரு நாள் அவர் உயிரை எப்படிக் காப்பாற்றியது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தபால் மாஸ்டர் வீட்டுப் பிள்ளை

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி இமயமலை அடிவாரத்து நைனிடாலில் பிறந்தார். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். வீடு நிறையப் பிள்ளைகள். 1881-ல் அப்பா இறந்தபோது ஜிம்முக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. தாயார் மேரி ஜேன்தான் குடும்பத்தைத் தாங்கினார். கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் மலைக்குக் கீழே காலாதுங்கி. இந்தக் காலாதுங்கிக் காடுதான் அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம். எந்தப் பறவை எதைக் கண்டு கத்துகிறது, ஈர மண்ணில் பதிந்த கால்தடம் எத்தனை மணி நேரத்துக்கு முந்தியது என்பதையெல்லாம் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டார்.

அவருக்குக் கிடைத்த முதல் துப்பாக்கியைக் கேட்டால் சிரிப்பீர்கள். வாய் வழியாக மருந்து திணிக்கும் பழைய இரட்டைக் குழல். அதிலும் வலது குழல் வெடித்துப் பிளந்து கிடந்தது! சுடக்கூடியது இடது குழல் ஒன்றுதான். அதற்கும் மருந்து, ரவை எல்லாம் அளந்து அளந்து செலவழிக்க வேண்டிய நிலை. ஒரு தடவை சுட்டால் மறுபடி நிரப்ப நேரமாகும். ஆகவே, சுடுவதற்கு முன் யோசிக்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. பிறகு பள்ளிக்கூடக் கேடட் படையில் .450 மார்ட்டினி ரைபிள் கைக்கு வந்தது. ஒரு நேரத்தில் ஒரே தோட்டாதான். ஒரே தோட்டாவில் காரியத்தை முடிக்கப் பழகியவர் அவர்.

ரயில்வேயில் நூறு ரூபாய் சம்பளம்

குடும்பச் சூழ்நிலை காரணமாக மேல்படிப்பு நடக்கவில்லை. இன்ஜினியர் ஆக ஆசைப்பட்டவர், பதின்ம வயது முடிவதற்குள் பெங்கால் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயில் எரிபொருள் இன்ஸ்பெக்டராகத் தற்காலிக வேலைக்குப் போனார். மாதம் 100 ரூபாய் சம்பளம். மானக்பூர் பக்கம் காட்டில் முகாம் போட்டு இன்ஜினுக்கு விறகு வெட்டி அனுப்பும் வேலை. வேலை முடிந்து கணக்கு ஒப்படைக்கும்போது, கூலி வாங்காமலே போய்விட்ட ஆட்களின் பணத்தையும் சேர்த்து மேலதிகாரி மேஜையில் வைத்தார். கம்பெனிக்கு ஆச்சரியம்!

அந்த நேர்மையைப் பார்த்துத்தான் பெரிய பொறுப்பைக் கொடுத்தார்கள். கங்கைக் கரையில் மொகாமே காட் என்ற ஊர். அங்கே அகலப் பாதையில் வந்த சரக்கை இறக்கி, ஆற்றைக் கடந்து போகிற மீட்டர் கேஜ் ரயில்வேக்கு ஏற்றிக் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஏறக்குறைய 5 லட்சம் டன், எல்லாமே மனிதத் தலைச்சுமை. அந்தக் கான்ட்ராக்டை 20 வருஷத்துக்கும் மேலாக நடத்தினார். தொழிலாளர்களோடு சேர்ந்து தானும் மூட்டை தூக்கினார். வேட்டையெல்லாம் அவருக்கு லீவு நாள் வேலைதான். ஆட்கொல்லி மிருகத்தைக் கொல்வதற்குப் பணம் வாங்குவதில்லை என்பதும், தான் போகுமுன் அரசாங்கம் பரிசு அறிவிப்பை ரத்து செய்ய வேண்டும் என்பதும் அவர் போட்ட நிபந்தனைகள்.

சம்பாவத் புலி

1907-ல் அவர் எதிர்கொண்ட முதல் ஆட்கொல்லி, சம்பாவத் பெண்புலி. நேபாளத்தில் 200 பேர், பிறகு குமாவூன் பகுதிக்கு வந்து நாலு வருஷத்தில் 236 பேர், ஆக மொத்தம் 436 உயிர்களைக் குடித்த புலி. சம்பாவத் தாசில்தார் சுற்றுவட்டார ஆட்களைத் திரட்டி மலைச்சரிவில் நிறுத்திச் சத்தம் போட வைத்தார். கார்பெட் கையில் இரட்டைக் குழல் .500 ரைபிள். தோட்டா மொத்தமே மூன்று!

முதல் குண்டு தவறியது. அடுத்த இரண்டும் பட்டன. ஆனாலும் புலி விழவில்லை. தோட்டா தீர்ந்துவிட்டது. கார்பெட் ஓடிப்போய்த் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிவந்தார். அதன் குழலுக்கும் பின்பாகத்துக்கும் நடுவில் நன்றாகத் தெரிகிற இடைவெளி. நம்ம ஒர்க்‌ஷாப்பில் அப்படி ஒரு ஜாபைக் காட்டினால் இன்ஸ்ட்ரக்டர் தூக்கி ஸ்கிராப்பில் போட்டுவிடுவார். அதைக் கொண்டு சுட்டதில் குண்டு குறிவைத்த இடத்துக்கு எட்டாமல் முன்னங்காலில் பட்டது. புலி ஏற்கெனவே பட்ட காயத்தால் செத்து விழுந்தது.

பிறகு புலியின் வாயைத் திறந்து பார்த்தார்கள். வலது பக்கத்து மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்போடு ஒடிந்திருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் சுட்ட குண்டு செய்த வேலை அது! மானை, எருமையைப் பிடிக்க முடியாத புலி மனிதனைப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. குறி தவறிய அந்த ஒரு குண்டைச் சுட்டவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அதற்கான விலையை 436 குடும்பங்கள் கொடுத்தன.

கார்பெட் வாழ்நாள் முழுவதும் மறக்காத பாடம் இதுதான். புலி ஆட்கொல்லியாக மாறுவது பத்தில் ஒன்பது தடவை காயத்தால், ஒரு தடவை முதுமையால் என்பது அவர் கணிப்பு. காயம் என்றால் பெரும்பாலும் துப்பாக்கிக் காயம், இல்லாவிட்டால் முள்ளம்பன்றியின் முள். அவர் பார்வையில் குறி தப்பாமல் சுடுவது அப்பாவி ஜனங்களுக்குச் செய்ய வேண்டிய கடமை. கப், மெடல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பரிசாக வந்த ரைபிள்

சம்பாவத் புலியைக் கொன்றதற்குப் பாராட்டாக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட் அவருக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். லண்டன் ஜான் ரிக்பி கம்பெனி செய்த .275 ரைபிள். கட்டையில் பரிசின் விவரம் பொறித்த வெள்ளித் தகடு. அதன் இயங்குபாகம் ஜெர்மனியில் ஓபர்ன்டார்ஃப் என்ற ஊர்க்காரரான பால் மவுசர் உருவாக்கிய போல்ட் ஆக்‌ஷன். தோட்டாவும் மவுசருடைய 7×57 மி.மீ. தோட்டாதான். 7 மில்லிமீட்டரை அங்குலத்துக்கு மாற்றினால் 0.2756 வரும். அதனால்தான் இங்கிலீஷ்காரர்கள் அதற்கு .275 என்று பெயர் வைத்தார்கள்.

போல்ட் ஆக்‌ஷன் என்றால் பயந்துவிடாதீர்கள். நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். போல்ட்டின் முன்நுனியில் இரண்டு லக்குகள் உண்டு. அவை குழலுக்கு நேர் பின்னால் பள்ளத்தில் உட்கார்ந்து வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும். அவை உடைந்தாலும் ஆளைக் காப்பாற்ற, 1898 மாடலில் பின்னால் மூன்றாவதாக ஒரு லக்கையும் மவுசர் வைத்தார். கைப்பிடியைத் தூக்கும்போது சரிவான ஒரு பரப்பு போல்ட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, இறுகிய கூட்டை இளக்கிவிடும். தியரி ஆஃப் மெஷின்ஸில் நாம் படிக்கிற கேம்தான், வேறொன்றும் இல்லை. நீளமான ஒரு கொக்கி தோட்டாவின் விளிம்பை மேகசினிலிருந்து கிளம்பும்போதே பிடித்துக்கொள்வதால், துப்பாக்கியைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் தோட்டா நழுவாது. காட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரிசா, சின்னதா?

கார்பெட்டிடம் இன்னொரு ஆயுதமும் இருந்தது. .450/400 இரட்டைக் குழல் ரைபிள். இரண்டையும் ஒப்பிட்டு நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன்.

.275-இன் குண்டு 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 830 மீட்டர். .450/400-இன் குண்டு 400 கிரெயின், சுமார் 26 கிராம். வேகம் ஏறக்குறைய 640 மீட்டர். ½mv² போட்டால் சின்னதற்கு 3,100 ஜூல், பெரிசுக்கு 5,300 ஜூல். கிட்டத்தில் பாய்ந்து வரும் மிருகத்தை நிறுத்தப் பெரிசுதான் நல்லது என்பதில் சந்தேகமில்லை. தாழ்ப்பாளைத் தொடாமலே இரண்டாவது குண்டையும் உடனே சுடலாம் என்பது அதன் இன்னொரு வசதி.

சரி, மறுபக்கம்? பெரிசின் எடை 4½ முதல் 5 கிலோ. சின்னது சுமார் 3½ கிலோ. குண்டு முன்னால் போகிற உந்தம் அளவுக்குத் துப்பாக்கி பின்னால் உதைக்கும். மருந்துப் புகையை விட்டுவிட்டுக் குண்டை மட்டும் கணக்கில் எடுத்தால், தோளில் இறங்கும் ஆற்றல் சின்னதில் 8 ஜூல், பெரிசில் ஏறக்குறைய 28 ஜூல். மூன்று மடங்குக்கும் மேல்! உதைக்குப் பயந்தவன் டிரிகரை அழுத்தும் முன்பே கண்ணை மூடிவிடுவான். கண்ணை மூடினால் குறி எங்கே இருக்கும்?

நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போல்ட் பின்னால் போய்வர இடம் வேண்டியிருப்பதால், ஒரே அளவு குழல் வைத்தால் போல்ட் ரைபிள்தான் இரட்டைக் குழலைவிட நீளமாக இருக்கும். ஆகவே டேப்பை வைத்து அளந்து கையடக்கம் என்று முடிவு செய்துவிட முடியாது. எடை எவ்வளவு, அது இரண்டு கைக்கும் நடுவில் விழுகிறதா, தோளுக்குக் கொண்டுபோனதும் கண் தானாகக் குறிக்கு நேரே வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது மைல் மலை ஏறி இறங்கின பிறகும் கை நடுங்காமல் தூக்க முடிகிறதா என்பதே கார்பெட்டுக்கு முக்கியம்.

குண்டு சின்னது என்பதால் ஒரு கட்டாயமும் கூடவே வருகிறது. இதயம், கழுத்து, முதுகெலும்பு என்று சரியான இடத்தில் பட்டாக வேண்டும். இடம் கிடைக்கவில்லை என்றால் சுடாமல் இருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர் கையில் சின்ன ரைபிள் ஆபத்தான பொருள்.

சௌகட்: ஒரு கையில் முட்டை

1929-ல் சௌகட் ஆட்கொல்லியைத் தேடிப் போனார். அது ஒரு தாய்ப்புலி, கூடவே வளர்ந்த குட்டி. இரண்டும் ஒன்றாகக் கண்ணில் பட்டபோது, நிறம் வெளிறியிருந்ததுதான் கிழப்புலி என்று எண்ணிச் சுட்டார். குண்டு சரியாகப் பட்டது. விழுந்ததோ குட்டி! துப்பாக்கி துல்லியமாக இருந்தும் கணிப்பு தப்பிவிட்டது. இந்தத் தவறை அவரே மறைக்காமல் எழுதி வைத்தார். அதன் பிறகும் தாய்ப்புலி மனிதர்களைக் கொன்றது. அந்தப் புலிக்கு இரையானவர்கள் மொத்தம் 64 பேர்.

1930 ஏப்ரல் 11. காலா ஆகர் அருகே ஓர் ஓடைப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். வழியில் பக்கிக் குருவியின் கூட்டில் வித்தியாசமான வடிவத்தில் இரண்டு முட்டைகளைப் பார்த்து, பாசி சுற்றி இடது கையில் எடுத்துக்கொண்டார். வலது கையில் .275. ஒரு பெரிய பாறையைச் சுற்றிக் கடந்ததும் வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். எட்டடி தூரத்தில், பாய்வதற்குத் தயாராக, புலி!

ரைபிள் மார்புக்குக் குறுக்கே இருந்தது. அதன் வாய் முக்கால் வட்டம் சுற்றினால்தான் புலிக்கு நேராக வரும். சட்டென்று திரும்பினால் புலி பாய்ந்துவிடும். கடிகார முள் நகருவது மாதிரி, ஒரே கையால், மெல்ல மெல்லச் சுற்றினார். நடுவில் கட்டை இடுப்பில் இடித்தது. கையை முழுதாக நீட்டித் தொடர வேண்டியதாயிற்று. நீட்டிய கையில் 3½ கிலோ என்றால் தோள்மூட்டில் எவ்வளவு மொமென்ட் விழும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். புலி அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. குழலின் வாய் நேருக்கு வந்ததும் டிரிகரை அழுத்தினார். ஒரே குண்டு. கதை முடிந்தது.

நான் மிகவும் மதிக்கும் பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. தான் பிழைத்ததற்கு என்ன காரணம் என்று உட்கார்ந்து ஆராய்ந்தார். மூன்று காரணங்களைச் சொன்னார். கையில் முட்டை இருந்ததால் இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்து வேகமாகத் திரும்ப முடியாமல் போனது. ரைபிள் லேசாக இருந்ததால் ஒரே கையால் நீட்டிச் சுட முடிந்தது. மூன்றாவது, அது ஆட்கொல்லியாக இருந்தது. இதில் தன் வீரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது. முட்டைகளையும் மறக்கவில்லை. திரும்பிப் போய்க் கூட்டிலேயே வைத்துவிட்டார். அரை மணி கழித்துத் தாய்ப்பறவை அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

இரவு வேலையிலும் அவர் அப்படித்தான். கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை வழியில் 1918 முதல் 8 வருஷம் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையை 1926 மே மாதத்தில் குலாப்ராய் என்ற இடத்தில் மாமரத்தின் மேலிருந்து சுட்டார். டார்ச் வெளிச்சம் விழுந்த கணத்திலேயே குறி சிறுத்தையின் தோளில் இருந்தது. டிரிகரை அழுத்தும்போதே டார்ச் அணைந்தும் போனது. ரைபிளை ஓர் இம்மி நகர்த்த வேண்டியிருந்தாலும் சந்தர்ப்பம் கைநழுவியிருக்கும்.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

காலம் போகப் போக அவருக்குக் கேமராவின் மேல்தான் ஆசை அதிகமானது. புலிகளைச் சினி பிலிமில் பிடிக்க ஓடைக்கரையில் மணிக்கணக்காகக் காத்திருந்தார். காடு அழிந்தால் புலியும் அழியும் என்று பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசினார். இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-ல் ஹெய்லி தேசியப் பூங்காவாகப் பிறந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. முதல் உலகப் போரில் 500 குமாவூன் ஆட்களோடு பிரான்ஸ் போனார். இரண்டாம் உலகப் போரில், வயது 65-ஐத் தாண்டிய பிறகும் சிப்பாய்களுக்குக் காட்டுப் பயிற்சி கொடுத்தார். 1944-ல் குமாவூன் ஆட்கொல்லிகள் பற்றிய அவர் புத்தகம் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. 1947 நவம்பரில் அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போனார். 1955 ஏப்ரல் 19-ல் நியேரி என்ற ஊரில் மறைந்தார். அந்தப் பூங்காவுக்குப் பிறகு அவர் பெயரையே வைத்தார்கள். 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் அங்கிருந்தே தொடங்கப்பட்டது. அவருடைய .275 ரைபிள் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தார் வசம் இருந்து, 2015-ல் செய்த கம்பெனிக்கே திரும்பி வந்தது.

1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ரொம்ப நல்லது! போல்ட் ஆக்‌ஷன் மட்டும் காட்டை விட்டு ரேஞ்சுக்கு வந்துவிட்டது. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலம் வாங்கினார். அவரும் ரயில்வே ஊழியர்தான்! அங்கே 10 பாயிண்ட் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அங்கே நடந்து அலைய வேண்டியதில்லை. ஆகவே ஆடாமல் நிற்பதற்காக ரைபிள் 8 கிலோ வரை இருக்கலாம். காட்டுக்கு லேசு, ரேஞ்சுக்குக் கனம். எந்த வேலைக்கு என்று கேட்காமல் எந்தக் கருவியையும் நல்லது, கெட்டது என்று சொல்லக் கூடாது.

நாளைக்கு நாமும் ஏதாவது ஒரு கம்பெனியில் லேத் முன்னால் நிற்போம், இல்லையென்றால் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் கேஜ் பிடிப்போம். அளவு கொஞ்சம் தப்பினால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். அந்த நேரத்தில் சம்பாவத் புலியின் உடைந்த பல்லை நினைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே. அதைச் சுட்டவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஆனால் 436 பேர் செத்தார்கள்.